இரேனாவின் தனி உறை

என் மனைவி அரசாங்கத்திடம் எதையோ சொல்லப் போகிறாள், அதை என்னிடம் சொல்லப் போவதில்லை. இந்தச் சங்கதி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முட்டை வெந்துகொண்டிருந்தபோது எனக்குத் தெரியவந்தது. முட்டை கல்லாகிவிட்டது. அதைத்தான் அன்றைக்குத் தின்றேன்.

அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருடம். பத்து வருடத்துக்கு ஒரு தடவை வந்து சேரும் சனியன். வீட்டுக்கு ஒரு படிவம், தலையணை மொத்தத்துக்கு. மார்ச் இருபத்தேழாம் தேதி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை அறை, என்ன மதம், வேலைக்கு எதில் போகிறார்கள் என்று எல்லாவற்றையும் நிரப்பித் தபாலில் போட வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டே பேர். நான் க்ளிஃபோர்ட் ஓட்லிங், ஐம்பத்தொன்பது வயது, டிராக்டர் மெக்கானிக்காக இருந்து முதுகு போனதால் வீட்டோடு இருப்பவன். அவள் இரேனா, ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் இன்னும் வேலை பார்ப்பவள். ஒரே மகள் ஜில்லியன் கல்யாணமாகி லீட்ஸில் இருக்கிறாள்.

இரண்டு பேருக்கான படிவம், ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினைந்தாம் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். முந்தைய கணக்கெடுப்புகளில் இல்லாத கேள்வி. உங்கள் தேசிய அடையாளம் என்ன? கீழே கட்டங்கள்: ஆங்கிலேயர், வேல்ஸ்காரர், ஸ்காட்லாந்துக்காரர், வட அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ். பொருந்தும் எல்லாவற்றிலும் டிக் போடலாமாம்.

என்னத்தைச் சொல்ல! இத்தனை வயதுக்கு என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. பாஸ்போர்ட்டில் பிரிட்டிஷ் என்றிருக்கிறது. கால்பந்து என்றால் இங்கிலாந்து. ஒலிம்பிக்ஸ் என்றால் பிரிட்டன். ஸ்காட்லாந்துக்காரன் ஜெயித்தால் பிரிட்டிஷ், தோற்றால் ஸ்காட்லாந்துக்காரன். வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட எங்கள் கொடி கார் ஜன்னலில் பறந்தால், பந்தாட்டம் நடக்கிறதா, அல்லது இந்த ஆள் அண்டை வீட்டாரை வெறுக்கிறவனா என்று தேதி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வேல்ஸ்காரனுக்குத் தனியாகத் தேசிய கீதம் உண்டு, எங்களுக்கென்று தனிப் பாட்டுகூடக் கிடையாது. பேனாவை மூடி வைத்துவிட்டு ட்ரெவருக்குப் போன் போட்டேன். ட்ரெவர் டௌஸ் எங்கள் ஊரில் முப்பது வருடம் தபால்காரனாக இருந்தவன். அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவனுடைய நம்பிக்கை.

“ரெண்டுலயும் போட்டுத் தொலைடா,” என்றான்.

“ரெண்டுலயும் போட்டா நான் யாரு?”

“இது என்னடா கேள்வி? நீ க்ளிஃப். போய்ப் பல்ல விளக்கு.”

அப்படியே மூன்று நாள் படிவம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. நான்காம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. தபால்காரப் பெண் ஓர் உறையைப் போட்டுவிட்டுப் போனாள். அரசாங்க உறை. திருமதி இ. ஓட்லிங் என்று பெயர். நான் குனிவதற்குள் இரேனா ஈரக்கையோடு வந்து அதை எடுத்து, ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகினாள்.

“என்னது அது?”

“ஒண்ணுமில்ல, ஃபாரம்.”

“ஃபாரம்தான் மேஜைல கிடக்குதே.”

“அது வீட்டுக்கு. இது எனக்குத் தனியா. நான்தான் கேட்டு வாங்கினேன்.”

இந்த இடத்தில் வேறெந்த நாட்டு மனிதனாக இருந்தாலும் ‘ஏன்’ என்று கேட்டிருப்பான். இரண்டே எழுத்து. நாங்கள் அப்படி இல்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கெட்டிலைப் போடுவோம். “ஓ, சரி. டீ போடட்டுமா?” என்றேன். “போடேன்,” என்றாள். இரண்டு பேரும் டீ குடித்தோம். மழை வரும்போல இருக்கிறது என்றேன். அவளும் ஆமாம் என்றாள்.

அவள் வேலைக்குப் போனதும் படிவத்தின் சின்ன எழுத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன். இருந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தன் பதில்கள் தெரிய வேண்டாம் என்று நினைக்கும், பதினாறு வயது தாண்டிய எவரும் தனிப் படிவமும் தனி உறையும் கேட்டு வாங்கலாம்.

மற்றவர்கள் என்றால் யார்? வீட்டில் நான் மட்டும்தானே இருக்கிறேன்! என்னிடமிருந்து மறைக்க அப்படி என்ன கேள்வி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்காம் கேள்வி: திருமணமானவரா, பிரிந்து வாழ்கிறவரா? ஐந்தாம் கேள்வி: வருடத்தில் முப்பது நாளுக்கு மேல் வேறொரு முகவரியில் தங்குகிறீர்களா? வேறொரு முகவரியா? வேலையை விட்டால் அவள் வியாழக்கிழமை தவிர எங்கும் போவதில்லை, அதுவும் நூலகத்துக்கு. நூலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். எண்பது வயதுக் கிழவர் ஒருவர், பூனைகள் பற்றிய புத்தகங்களை மட்டும் எடுப்பவர். பதிமூன்றாம் கேள்வியில் கண் நின்றது. உங்கள் உடல்நிலை பொதுவாக எப்படி இருக்கிறது? மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம்.

போன மாதம் இரண்டு தடவை டாக்டரிடம் போனாள். முழங்கால் என்று சொன்னாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் “ம்” என்றிருக்கிறேன்.

ஜில்லியனைக் கூப்பிட்டேன்.

“உங்கம்மாவுக்கு உடம்புக்கு எதாவதாம்மா?”

“ஏன்ப்பா, என்னாச்சு?”

சொன்னேன்.

“அப்பா, அவங்க சாயங்காலம் வீட்டுக்குத்தான வருவாங்க. நேரா கேட்டா என்ன?”

“அது நல்லா இருக்காதும்மா.”

“முப்பத்தெட்டு வருஷமா குடும்பம் நடத்துறீங்க. பொண்டாட்டிய ஒரு கேள்வி கேட்டா நல்லா இருக்காதா?”

“அவளே சொல்லணும்னு நெனச்சா சொல்லுவா.”

“கடவுளே, நீங்க ரெண்டு பேரும்!” என்று போனை வைத்துவிட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்றேன், பரவாயில்லை என்றாள். டாக்டர் நல்லவரா என்றேன், நல்லவர்தான் என்றாள். இந்த வீடு உனக்குப் பிடித்திருக்கிறதா என்றேன். “க்ளிஃப், இருபத்தாறு வருஷமா இருக்கோம். இப்ப எதுக்குக் கேக்குற?” என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கூரையில் ஓடு மாற்ற வேண்டும், அதனால் கேட்டேன் என்றேன். வியாழக்கிழமை அவளே நம்பும்படி ஏணி வைத்து ஏறி ஓடுகளையும் பார்த்தேன். இந்த முதுகோடு! பயம் வந்துவிட்டால் மனுஷனுக்கு எந்த அசட்டுத்தனமும் பெரிதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நாடக ஒத்திகை. ஏப்ரல் இருபத்துமூன்று, இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் தினத்தில் எங்கள் ஊர் ‘கலப்பை’ மதுக்கடையின் முற்றத்தில் ஜார்ஜ் நாடகம் போடுவோம். வெளியூர்க்காரர்கள் கேட்டால் அறுநூறு வருடப் பழக்கம் என்று சொல்வோம். உண்மையில் எழுபத்தேழில் ராணியின் வெள்ளிவிழாவுக்காகப் பள்ளித் தலைமையாசிரியர் எங்கிருந்தோ பார்த்து எழுதியது. கதை சின்னதுதான். வெளிநாட்டு வீரன் ஒருவன் வந்து சவால் விடுவான், ஜார்ஜ் அவனை வெட்டுவான், வைத்தியன் வந்து ஏதோ மருந்தை வாயில் ஊற்றி அவனை எழுப்புவான், எல்லோரும் குடிப்போம். பத்தொன்பது வருடமாக நான்தான் ஜார்ஜ். அந்தப் பத்தொன்பது வருடமும் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது இரேனாதான். புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். ஆறு பேரின் வசனமும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அன்றைக்குப் பார்த்து, வெளிநாட்டு வீரனாக நடிக்கும் கீத் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஊன்றுகோலோடு வந்து நின்றான். இனி யாரைப் பிடிப்பது என்று எல்லோரும் முழித்தோம். நாடகத்தை நடத்துவது ட்ரெவர். அவன் நாலு பக்கமும் பார்த்துவிட்டு இரேனாவிடம் வந்து நின்றான்.

“அட, நாம எங்கயோ தேடுறோமே! வெளிநாட்டு வீரனுக்கு ஊர்லயே அசல் வெளிநாட்டுச் சரக்கு இருக்கு. எந்திரிம்மா இரேனா.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, ஊருக்கே தெரியும். இரேனாவின் அப்பாவும் அம்மாவும் போலந்துக்காரர்கள். போர் முடிந்து திரும்பிப் போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட விமானப்படைக்காரர் அவள் அப்பா. எங்கள் கல்யாணத்தன்று நான் ஒரு வேடிக்கை சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து யாருக்கு அவளை அறிமுகம் செய்தாலும் அதையே சொல்வேன்.

“போலந்து இறக்குமதிப்பா. கேரண்டி முடிஞ்சுபோச்சு, திருப்பி அனுப்ப முடியாது!”

முற்றமே அதிர்ந்தது. இரேனாவும் சிரித்தாள். எப்போதும் சிரிப்பாள். “சரி, வேற யாரும் இல்லன்னா நானே செய்யறேன். எனக்கொண்ணும் இல்ல,” என்றாள்.

எங்களுக்குள் ‘எனக்கொன்றும் இல்லை’ என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரனிடம், தையல்காரனிடம், முடிவெட்டுபவனிடம் நானே ஆயிரம் தடவை அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கத்தியிருக்கிறேன். இருந்தும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அவளுக்குத் தொளதொளவென்று ஊதா அங்கியை மாட்டிவிட்டு, அட்டைக் கேடயத்தோடு எதிரே போய் நின்றேன். வெளிநாட்டு வீரன் முதலில் பேச வேண்டும். கடல் தாண்டி வந்தவன் நான், இந்த மண்ணில் எனக்கு ஊருமில்லை, உறவுமில்லை. அதுதான் வசனம்.

“கடல் தாண்டி…” என்று தொடங்கிய இரேனா நின்றுவிட்டாள்.

“கடல் தாண்டி வந்தவன் நான்,” என்று கீத் எடுத்துக் கொடுத்தான்.

“தெரியும் கீத். கடல் தாண்டி…”

மறுபடி நின்றாள். மூன்றாம் தடவையும் அதே இடம். ஆறு பேர் வசனமும் தூக்கத்தில் சொல்லக்கூடியவளுக்கு இந்த ஒரு வரி தொண்டையை விட்டு வரவில்லை. கீத்துக்கு இதே வரியை அவளே எத்தனையோ தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

“என்னம்மா, வேணும்னே பண்றியா?” என்றான் ட்ரெவர்.

“மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கு என்னமோ மாதிரி இருக்கு.” அங்கியைக் கழற்றி, அழகாக மடித்து, நாற்காலியில் வைத்தாள். “டீக்குப் பால் இல்ல. வாங்கிட்டு வந்துடறேன்.”

போய்விட்டாள். மேஜையைப் பார்த்தேன். முழுசாக இரண்டு பாட்டில் பால் இருந்தது.

‘இன்னிக்கு என்னமோ மாதிரி இருக்கு’ என்றாளே! மறதி. டாக்டர். பதிமூன்றாம் கேள்வி. மரவாளைக் கீழே வைக்கவும் தோன்றாமல், மார்பில் சிவப்புச் சிலுவை போட்ட வெள்ளைச் சட்டையோடு தெருவில் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்ற இரண்டு பேர் என்னைக் கண்டதும் அவசரமாக வானத்தைப் பார்த்தார்கள்.

இரேனா சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்தப் படிவம், பக்கத்தில் உறை. என்னைப் பார்த்ததும் படிவத்தைக் கவிழ்த்தாள். அந்தக் கவிழ்ப்பைப் பார்த்ததும் முப்பத்தெட்டு வருடத்து மரியாதை எல்லாம் போய்விட்டது.

“உனக்குப் புற்றுநோயா?” என்றேன்.

“என்னது?”

“எங்கிட்ட மறைக்காத. டாக்டர்கிட்ட ரெண்டு தடவ போன. தனி ஃபாரம் வாங்கின. வசனம் மறக்குற. என்னன்னு சொல்லு.”

“முழங்கால் வலி க்ளிஃப். சொன்னேனே.”

“அப்ப வேற வீடு பாத்துட்டியா? என்னை விட்டுப் போறியா?”

“உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? அந்த வாளக் கீழ வை மொதல்ல.”

வாளைப் பாத்திரத் தொட்டியில் வைத்தேன். “அப்ப இது எதுக்கு?” என்று உறையைக் காட்டினேன். ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

அவள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

“பதினஞ்சாம் கேள்வி,” என்றாள். “ஆங்கிலேயர்னு டிக் போடணும்னு ஆசையா இருந்துச்சு. அவ்ளோதான்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். நீ மேஜைல வெச்சு நிரப்புனா நான் எப்படி அதைச் சொல்றது? நீ சிரிப்ப.”

நான் சிரித்துவிட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் சாகப் போவதில்லை, என்னை விட்டுப் போகப் போவதில்லை என்ற நிம்மதி பொங்கிக்கொண்டு வந்தது. அது வாய் வழியே வந்தபோது சிரிப்பாக இருந்தது, வேறென்ன செய்ய? ஆனால் சிரிப்பு சிரிப்புதானே. நிறுத்தவும் முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே நடந்தது என்கிற முகம்.

“பாத்தியா,” என்றாள்.

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“இல்ல, இரேனா, நான் அதுக்காகச் சிரிக்கல…”

“பரவாயில்ல. எனக்கொண்ணும் இல்ல.”

இந்தத் தடவை உறைத்தது. நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள், பாத்திரம் கழுவும்போது பேசுகிற மாதிரி.

“நான் லௌத்ல பிறந்தேன் க்ளிஃப். முகாம் ஆஸ்பத்திரில. இங்கேர்ந்து பஸ்ல இருபது நிமிஷம். போலந்துக்கு நான் போனது ஒரே தடவ, தொண்ணூத்திநாலுல, உன்கூடத்தான், நாலு நாள் பஸ் டூர். அங்க எல்லாரும் என்னை ‘இங்கிலீஷ் அம்மா, இங்கிலீஷ் அம்மா’ன்னாங்க. எனக்குள்ள எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? திரும்பி வந்து டோவர் துறைமுகத்துல இறங்குறோம். பாஸ்போர்ட் பாக்குற பையன்கிட்ட நீ என்ன சொன்ன?”

எனக்கு ஞாபகம் இருந்தது. இறக்குமதி, கேரண்டி. அந்தப் பையனும் சிரித்தான்.

“நீயும் சிரிச்சியே,” என்றேன்.

“வேற என்ன பண்றது? எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?”

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. முப்பத்தெட்டு வருஷம்!”

“சொன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்.”

நான் ஜில்லியனிடம் சொன்ன அதே சொல். என் அம்மா அப்படித்தான் இருந்தாள், அவள் அக்காக்கள் அப்படித்தான். வலித்தால் சிரிப்பார்கள், காலை மிதித்தவனிடம் தாங்களே மன்னிப்புக் கேட்பார்கள். இந்த நாட்டில் இதைவிட உள்ளூர்த்தனமான ஒரு பிறவியை நான் எங்கே போய்த் தேடுவேன்? அவளைத்தான் நான் இறக்குமதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“நீ எங்க பிறந்த?” என்று அவளே கேட்டாள்.

“அது… அது வேற.”

“எங்கன்னு சொல்லு.”

“ஹானோவர்.”

“ஹானோவர் எந்த நாட்டுல இருக்கு?”

“இரேனா, அது ராணுவ ஆஸ்பத்திரி! எங்கப்பா அங்க சார்ஜெண்டா இருந்தாரு!”

“நானும் ராணுவ முகாம்லதான் பிறந்தேன். எங்கப்பாவும் உங்க ராஜாவோட யூனிஃபார்ம்தான் போட்டிருந்தாரு. உன்னை யாராவது ஜெர்மன் இறக்குமதின்னு சொன்னாங்களா?”

ஜார்ஜ் சட்டையோடு, ஜெர்மனியில் பிறந்தவன், லௌத்தில் பிறந்தவளிடம் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மார்பில் இருந்த சிலுவை வேறு அரித்தது. இந்த ஜார்ஜே துருக்கிப் பக்கத்துக்காரர், இந்த மண்ணை மிதித்ததே இல்லை என்று பாதிரியார் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதைக் கேட்டும் நான் சிரித்திருந்தேன்.

“அப்போ அந்த பீட்ரூட் சூப்?” என்றேன். வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தின நாள் அவள் வைப்பாள். அவள் அப்பா வீட்டுப் பழக்கம். “அது உனக்கு முக்கியம்தானே?”

“எனக்கு அதோட வாசனையே ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே ஆகாது. நீ ஆசையா குடிக்கிறியேன்னு வைக்கிறேன்.”

“நானா? எனக்கு அதைக் கண்டாலே குமட்டும். நீ மனசு கஷ்டப்படுவியேன்னு மூக்கப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தட்டு குடிப்பேன்!”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முப்பத்தெட்டு கிறிஸ்துமஸ். முதலில் சிரித்தது அவள்தான். பிறகு அழுதாள். நானும் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, ஆனால் இதை ட்ரெவரிடம் சொல்ல வேண்டாம்.

“என்னை மன்னிச்சுடு,” என்றேன். எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தை. கதவில் இடித்தாலும் கதவிடம் சொல்வோம். அதனால் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “டீ போடட்டுமா?” என்றாள். நான் போடுகிறேன் என்று எழுந்தேன்.

அவள் படிவத்தை உறையில் போட்டு ஒட்டினாள். எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தாள் என்று நான் பார்க்கவில்லை. சொன்னதைத்தான் போட்டிருப்பாள். என் படிவம் இன்னும் பாக்கி இருந்தது.

“நான் எதுல போடறது, இரேனா? ஒரு வாரமா மண்டை காயுது.”

“சிரிக்கக் கூடாத நேரத்துல அப்படி ஒரு சிரிப்புச் சிரிச்சியே. அதுக்கே உனக்கு ஆங்கிலேயர்னு அடிச்சுக் குடுக்கலாம்,” என்றாள்.

கடைசியில் இரண்டிலும் போட்டேன். அது சரியா என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை இரண்டு உறைகளையும் நானே கொண்டுபோய்ச் சிவப்புப் பெட்டியில் போட்டேன். அவளுடையதை முதலில் போட்டேன்.

வெளிநாட்டு வீரன் விஷயத்தில், ட்ரெவரிடம் போய், இரேனா நடிக்க மாட்டாள், வேண்டுமானால் நான் அந்த வேஷம் கட்டுகிறேன், அவள் ஜார்ஜாக இருக்கட்டும் என்று சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். இப்போதெல்லாம் கேட்கிறேன். “உளறாத,” என்றாள். “எனக்கு எந்த வேஷமும் வேண்டாம். பழையபடி என் ஸ்டூல்ல உக்காந்துக்கறேன்.” ஆக, கீத்தே ஊன்றுகோலோடு வந்து ஒற்றைக் காலில் சவால் விட்டான். ஊன்றுகோலைத் தட்டிவிட்டு நான் அவனை வெட்டியது அவ்வளவு வீரமாக இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். வைத்தியன் எழுப்பியும் அவனால் எழ முடியவில்லை, மூன்று பேர் தூக்க வேண்டியிருந்தது.

நாடகம் முடிந்து முற்றத்தில் டீயும் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பலகாரமும் பரிமாறிக்கொண்டிருந்தோம். பழைய பள்ளி வீட்டை வாங்கிக்கொண்டு லண்டனிலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த திருமதி ஃபேன்ஷா அன்றைக்கு முதல்முறையாக வந்திருந்தார். இரேனா அவருக்குக் கோப்பையை நீட்டினாள். ட்ரெவர் அறிமுகம் செய்தான்.

“இரேனாவா? அடடா, எவ்ளோ அழகான பேரு!” என்றார் அந்த அம்மாள். “நீங்க முதல்ல எந்த ஊருங்க?”

இரேனா சிரித்தாள், அதே சிரிப்பு. ட்ரெவர் என் பக்கம் திரும்பினான். கீத் திரும்பினான். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு பாதி தயாராக நின்றது. என் முறை வந்துவிட்டது, நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

வாயைத் திறந்தேன். பழையது நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினேன். அதற்குப் பதிலாக என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தேன், கண்ணாடி முன்னால் சொல்லியும் பார்த்திருந்தேன். அத்தனையும் போய்விட்டது. ஒரு சொல்கூட வரவில்லை. ஜார்ஜ் சட்டையும் அட்டைக் கேடயமுமாக, வாய் பிளந்தபடி அத்தனை பேர் நடுவில் நின்றேன்.

“லௌத்,” என்றது என் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல். உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, பத்தொன்பது வருடமாக எடுத்துக் கொடுக்கிற அதே குரல்.

“லௌத்,” என்றேன் உரக்க. “என் சம்சாரம் லௌத்காரி.”

யாரும் சிரிக்கவில்லை. ட்ரெவர் மட்டும், இதில் எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியாமல், இன்னும் காத்துக்கொண்டிருந்தான்.

“ஓ, பக்கத்துலதானா!” என்றார் திருமதி ஃபேன்ஷா.

“ஆமாங்க,” என்றாள் இரேனா. “பஸ்ல இருபது நிமிஷம். உங்களுக்குச் சர்க்கரை எத்தனை?”